அறுப்பின் பண்டிகை விலை

சித்தூர்க் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை அன்று, காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காய் ஏலத்தில் மூவாயிரம் ரூபாய்க்குப் போகும். முட்டை ஒன்று இருநூறு. ஏலம் கூறும்போது சேவல் கூவிவிட்டால் அதற்கு இன்னும் ஐந்நூறு கூடும். அதே பூசணிக்காய் மார்க்கெட்டில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும் என்பது ஞாயிறு பள்ளிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நாற்பது ரூபாய் பூசணிக்காய்க்கு, மீதி கர்த்தருக்கு. எதற்காக இவ்வளவு கொடுத்தாய் என்று எடுத்தவரை யாரும் கேட்பதில்லை. எங்கேயும் எழுதி வைக்காவிட்டாலும் சபையில் அது சட்டம்.

போன வருஷம் அந்தச் சட்டத்தின் நிழலில் ஒதுங்கப் போய்த்தான் சத்தியநாதன் வசமாக மாட்டிக்கொண்டார்.

சத்தியநாதன் பழைய சாமான் வியாபாரி. தேக்குக் கட்டில், ஈஸிசேர், சுவர்க் கடிகாரம், ஹார்மோனியம், பீங்கான் ஜாடி என்று பழைய பங்களாக்களிலும் பெரிய வீடுகளிலும் வாங்கி, பழுது பார்த்து, திருப்பதி ஓட்டல்காரர்களுக்கும் சென்னைக் கடைகளுக்கும் விற்பார். கடை சிறியதுதான், பெயர் பெரியது. அவர் ஒரு பொருளைப் பார்த்து ஒரு விலை சொன்னால், வாங்குகிறவரும் விற்கிறவரும் அதற்கு மேல் பேசுவதில்லை. நகரிப் பக்கத்திலிருந்து திருவேங்கடம் என்ற விவசாயி ஒருமுறை பழைய கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து, ஆயிரம் கொடுத்தால் போதும் என்றார். "யோவ், உனக்கு மூள கீதா இல்லையா? இத நான் வித்தா பன்னெண்டு வரும். உனக்கு ஒம்போது" என்று சத்தியநாதன் அவரைத் திட்டித் திட்டி ஒன்பதாயிரத்தைக் கையில் திணித்தார். வியாபாரத்தில் அவருக்கு இருந்த ஒரே முதல் அந்த வாய்தான். அது சொன்ன விலை என்றைக்கும் பொய்த்ததில்லை.

திருப்பதியில் லாட்ஜ் நடத்துகிற யஸ்வந்த் அவரிடம் ஒட்டிக்கொண்டதும் அப்படித்தான். பளபளவென்று பித்தளைக் குழல் வைத்த கிராமபோன் ஒன்றை யாரோ அவன் தலையில் கட்டியிருந்தார்கள். சத்தியநாதன் அதைத் தலைகீழாகத் திருப்பி, ஆணியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு வயசு ஒன்னைவிட கம்மி. நேத்து அடிச்ச குழல், முந்தா நேத்து செஞ்ச பொட்டி" என்றார். யஸ்வந்துக்கு மூக்கு உடைந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அவன் ஒரு நாற்காலி வாங்குவதாக இருந்தால்கூட அவரைக் கேட்காமல் வாங்கமாட்டான்.

இப்படிப்பட்ட மனிதர் போன வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் செய்த காரியத்தை நினைத்து சபை இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

நடந்தது இதுதான். சபைப் போதகரான ஐயர் வீட்டுப் பின்னறையைச் சுத்தம் பண்ணியபோது பழைய கிராமபோன் ஒன்று கிடைத்தது. கறுப்புத் துணி ஒட்டிய, சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிப்போகிற பெட்டி. அதையும் ஏலத்தில் வைத்துவிட்டார்கள். பூசணிக்காய், வாழைத்தார், கேக்கு எல்லாம் போன பிறகு கடைசியில் அது வந்தது. சபைச் செயலாளர் பென்னி மைக்கைப் பிடித்து, "ஐந்நூறு!" என்றான். ஒருவரும் கேட்கவில்லை. சத்தியநாதன் கையைத் தூக்கி, "ஆயிரம்" என்றார். மறுபடியும் யாரும் கேட்கவில்லை. "ஒரு தரம், ரெண்டு தரம்..." என்று பென்னி முடிக்கப் போகையில், "ஐயாயிரம்" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் அதுவும் சத்தியநாதன்.

"அண்ணே, உங்க கேள்விதான் மேல நிக்குது" என்றான் பென்னி, மைக்கை மறந்து.

"தெரியும். பத்தாயிரம்."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. எதிரில் ஆளே இல்லாமல், தனக்குத்தானே ஏற்றிக்கொண்டே போய் நாற்பதாயிரத்தில் நின்றார். சட்டைப் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பெறுமானம் ஏழாயிரம் என்று அவருக்குத் தெரியும். அந்த மாதிரிப் பெட்டிகளை ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள். மிஷன் பங்களா, ஸ்டேஷன் மாஸ்டர் வீடு, ஜமீன் வீடு என்று அது இல்லாத இடம் கிடையாது. அவர் கை வழியாகவே எத்தனையோ போயிருக்கின்றன. மீதி முப்பத்து மூவாயிரம் எதற்கு என்பதும் அவருக்குத் தெரியும். அது வேறு யாருக்கும் தெரியாது, மனைவி தபிதாவுக்கும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மரத்தூசி, வார்னிஷ் நெடி என்று உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். குரல் திரும்பவில்லை. பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடுகிறவர் அவர்தான். வாயைத் திறந்தால் தகரத்தை இழுத்த மாதிரி சத்தம் வந்தது. சித்தூர் டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். வேலூரில் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

தபிதா அப்போது ஊரில் இல்லை. மகள் உதயாவுக்குப் பிரசவம். மருமகனுக்கு ஸ்ரீ சிட்டியில் வேலை, வரதய்யபாளையத்தில் வீடு. தபிதா மூன்று மாதமாக அங்கேதான். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போன் போட்டு இந்தச் சேதியைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தினமும் போனில் தபிதா பேரனின் தும்மல் வரைக்கும் வர்ணிப்பாள்; அவர் உம் கொட்டுவார். "குரல் இன்னும் சரியாகலியா?" என்று கேட்டால், "தூசு" என்பார். அந்த வாரம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளப்பாக இருந்த ஒரு மேஜைக்குத் திரும்பத் திரும்பப் பாலிஷ் போட்டார். பயந்து போயிருந்தார். சொல்ல வெட்கமாகவும் இருந்தது. ஆண்டவரே, இதை நீக்கிவிடும், இந்த மாதம் தேக்குக் கட்டில் விற்று வந்த முப்பத்து மூவாயிரமும் உமக்கு என்று பொருத்தனை பண்ணிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. சாதாரணக் கட்டி, மாத்திரையில் கரைந்துவிடும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை.

பணத்தைக் கவரில் போட்டுக் காணிக்கைத் தட்டில் வைத்திருக்கலாம்தான். ஆனால் அவ்வளவு பெரிய ஸ்தோத்திரக் காணிக்கை என்றால் ஐயர் பீடத்திலிருந்து பெயரைச் சொல்லிக் காரணத்தையும் வாசிப்பார். "வேலூரில் பயங்கரமான சந்தேகத்திலிருந்து விடுவித்ததற்காக" என்று சபை முழுக்கக் கேட்டால், மதியத்துக்குள் சேதி வரதய்யபாளையம் போய்விடும். ஏலத்தில் எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே ஏலம்.

அவருடைய கணக்கில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. பூசணிக்காய்க்கு மூவாயிரம் கொடுத்தால் அது காணிக்கை. பழைய சாமான் வியாபாரி பழைய சாமானுக்கு நாற்பதாயிரம் கொடுத்தால் அது வியாபாரம். ஒரு ரூபாய்கூட அதிகமாகக் கொடுக்காத சத்தியநாதன் தனக்குத்தானே ஏற்றிக் கேட்டார் என்றால் அந்தப் பெட்டியில் என்னவோ இருக்கிறது என்று சபை முடிவு கட்டிவிட்டது. ஒரு பக்கம் சிரித்தார்கள், இன்னொரு பக்கம் அவரவர் வீட்டுப் பரணில் ஏறினார்கள்.

தபிதா ஊருக்குத் திரும்பி, கூடத்தில் பெட்டியைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கவில்லை. "இன்னாங்க இது? நாப்பதாயிரமாமே?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பேரன் முகத்தை மனசில் ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறாள். போய்த் தொலைந்த பயத்தை மறுபடி கூட்டிவந்து அவள் முன்னால் நிறுத்துவானேன் என்று அவருக்குத் தோன்றியது. வாயில் வந்ததைச் சொன்னார். "அபூர்வமான பீஸு, தபிதா. உனக்குத் தெரியாது."

வாழ்க்கையில் பொருளைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. தபிதா சண்டை போட்டிருந்தால் அது அன்றைக்கே செத்திருக்கும். அவளோ நம்பிவிட்டாள். நம்பியதோடு நிற்கவும் இல்லை. மாதர் சங்கத்தில் யாராவது கிண்டலாக, "என்ன தபிதாக்கா, வீட்டுல நாப்பதாயிரம் பாடுதா?" என்று கேட்டால், "எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாத விலையா? அது அபூர்வம்மா, அபூர்வம்" என்று தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்வாள். ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லச் சொல்ல அவருக்கு உள்ளே என்னவோ சுருங்கும்.

அந்த அபூர்வம் தபிதாவின் அண்ணன் எலிசாவின் காதுக்கும் போனது. எலிசா திருப்பதியில் இருக்கிறார். ஸ்கூலில் டிரில் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். இப்போதும் அவர் சாதாரணமாகப் பேசினால் தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். அவர் வீட்டில் அப்பா வைத்துவிட்டுப் போன கிராமபோன் ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. இழுத்துத் துடைத்துப் பார்த்தார். அதே கறுப்புப் பெட்டி. அதே மூடி. அச்சு அசலாக அதே.

"மாப்ளே!" என்று போனில் அவர் கத்தியபோது சத்தியநாதன் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். "நைனாவோட பொட்டி உன்னுதுக்குக் கூடப் பொறந்தது மாதிரி கீது! யஸ்வந்த் புது லாட்ஜுக்குப் பழைய சாமானா வாங்கிக்கினு கீறான். நாப்பதாயிரம்னு சொல்லிட்டேன். அவன் இன்னா சொல்றான் தெரியுமா? சத்தியநாதன் அங்கிள் வந்து பாத்து ஒரு மாட்ட, ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும், அதே ரேட்டு தரேன்றான். சனிக்கெழம தங்கச்சியக் கூட்டிக்கினு வந்துடு."

சத்தியநாதன் தப்பிக்கப் பார்த்தார். தலைவலி, வண்டி ரிப்பேர், சரக்கு வருகிறது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எலிசாவிடம் நடக்குமா? பிள்ளைகளை மழையில் ஓட வைத்தவர் அவர்.

சனிக்கிழமை காலையில் சரக்கு ஏற்றுகிற ஆம்னி வேனில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். தபிதா பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

"விலை சொல்லப் போறதுக்கு எதுக்குப் பட்டு?"

"எங்க நைனா பொட்டி நாப்பதாயிரத்துக்குப் போவுது. சாதாரண விஷயமா?" என்றாள். சிறிது நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில், "ஒரு வருஷமா சிரிச்சாங்க. உங்க முன்னால சிரிக்கல, என் முன்னால சிரிச்சாங்க. இன்னிக்கி யஸ்வந்த் அந்த வெலய குடுத்துட்டா, எவளும் வாய் தொறக்க மாட்டா" என்றாள்.

பூதலப்பட்டு தாண்டட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பூதலப்பட்டு தாண்டியது. பாகாலா பிரிவில் டீக்கடை இருக்கிறது, அங்கே உட்கார்ந்து சொல்லலாம். டீ குடித்தார்கள், தபிதா பேரனுக்குப் பல் முளைத்த கதையைச் சொன்னாள். சந்திரகிரிக் கோட்டை தெரிந்தபோது, இனிமேல் சொல்லி என்ன என்று விட்டுவிட்டார்.

யஸ்வந்தின் புது லாட்ஜ் மாடியும் கீழுமாகப் பளிங்கு போட்டு மின்னியது. ரிசப்ஷனில் கண்ணாடி மேஜை மேல் பெட்டி. அதன் பக்கத்தில் எலிசா, பரேடு எடுக்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

"ரண்டி அங்கிள், ரண்டி. வாங்க ஆன்ட்டி" என்று யஸ்வந்த் நாற்காலி இழுத்துப் போட்டான். "நான் ஒண்ணும் பேச மாட்டேன். சார் போன்ல என்னென்னவோ காட்டினாரு."

"காட்டினேன்தான்! நெட்டுல ஒருத்தன் இதே மாதிரி பொட்டிக்கு ஒண்ணேகால் லட்சம்னு போட்டிருக்கான்" என்று எலிசா போனை நீட்டினார்.

"அது அவன் கேக்கற வெல மச்சான்" என்றார் சத்தியநாதன். "யாரும் வாங்காததாலதான் இன்னும் அங்கயே கீது. வித்த வெலய எவனும் போட மாட்டான்."

"சரி, அத விடு. நீயே நாப்பது குடுத்த இல்ல? அத வெச்சே சொல்லு."

சத்தியநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே வெல்வெட் அங்கங்கே தேய்ந்திருந்தது. கைப்பிடியைச் சொருகி மெதுவாகச் சாவி கொடுத்தார். உள்ளே ஸ்பிரிங் தடங்கல் இல்லாமல் இறுகியது. ஊசி பிடிக்கிற வட்டத் தலையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். அந்த உலோகம் வயசானால் உப்பி வெடிக்கும். இதில் மயிரிழை வெடிப்பு ஒன்றுதான். திருகாணி ஒவ்வொன்றாக நெருடினார். இரண்டு ஆணி மாற்றியது. எலிசா கொண்டுவந்திருந்த இசைத்தட்டு ஒன்றைப் போட்டு, புது ஊசி மாட்டி ஓடவிட்டார். கரகரவென்று ஒரு பெண் குரல் பாடத் தொடங்கியது. வேகம் கடைசிவரை தளரவில்லை.

அந்தப் பாட்டு ஓடுகிற நேரத்துக்குள் சத்தியநாதன் தன் மனசில் ஒரு பெரிய ஏலமே நடத்திவிட்டார். நாற்பது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மச்சானுக்குச் சந்தோஷம். தபிதா தலையை நிமிர்த்திக்கொண்டு மாதர் சங்கத்துக்குப் போவாள். போன வருஷத்துப் பொய் அப்படியே உண்மையாகிவிடும். நஷ்டம் யாருக்கு? யஸ்வந்துக்கு. இந்தப் பளிங்குத் தரையில் ஒரு கல்லின் விலை. அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும் அங்கிள் சொன்னாரே என்று இருந்துவிடுவான். அதுதான் இடித்தது. நம்புகிறவன் கேட்க மாட்டான். தபிதாவும் அப்படித்தான் ஒரு வருஷமாகக் கேட்காமல் இருந்தாள்.

தட்டு நின்றது. சத்தியநாதன் நிமிர்ந்தார்.

"ஸ்பிரிங் நல்லா கீது. தலையில ஒரு வெடிப்பு. ரெண்டு ஆணி மாத்தினது. ஏழாயிரம் போவும். பாட்டு தளராம ஓடுது, அதுக்காக எட்டு. எட்டாயிரம், தம்பி. அதுக்கு மேல ஒரு ரூபா குடுக்காத."

எலிசாவின் குரல் ஏறியது. ரோட்டில் போன ஆட்டோக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். "எட்டாயிரமா? இன்னா மாப்ளே, நைனா பொட்டின்னா எளக்காரமா? உன் பொட்டி நாப்பது, எங்க நைனா பொட்டி எட்டா? ரெண்டும் ஒண்ணுதானே!"

"ரெண்டும் ஒண்ணுதான் மச்சான். என்னுதும் ஏழாயிரம் பொருளுதான். உங்களுது அதவிட நல்லா பாடுது."

யஸ்வந்த் குறுக்கே விழுந்தான். "பர்வாலேது சார், பெரியவங்க பொருளு. நான் பதினஞ்சு தரேன்."

"எட்டுன்னு சொன்னேன் இல்ல?" என்றார் சத்தியநாதன், கொஞ்சம் கடுப்பாகவே.

"குடுக்கறவன் குடுக்கறான், உனக்கு இன்னாய்யா!" என்று எலிசா ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

சத்தியநாதன் அவரைப் பார்க்கவில்லை. தபிதாவைப் பார்த்தார். மடியில் இருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அபூர்வம்னு சொன்னீங்களே" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பொய்யி" என்றார். "ஏழாயிரம் பொட்டிக்கு. மீதி பொருத்தனை. நீ உதயா வீட்டுல இருந்தப்ப எனக்கு வேலூர்ல தொண்டையில சத எடுத்துப் பாத்தாங்க. புத்துநோயா இருக்கும்னு சந்தேகம். ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு. கவர்ல போட்டா ஐயர் படிச்சிடுவாருன்னு ஏலத்துல எடுத்தேன். அவ்வளவுதான்."

எலிசாவின் கை பாதியில் நின்றது. அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். எப்போதும் மைதானத்துக்கே கேட்கிற அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "இப்ப... இப்ப நல்லா கீறியா மாப்ளே?" என்று கேட்டார்.

"கல்லு மாதிரி கீறேன்."

தபிதா எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, யஸ்வந்த் பக்கம் திரும்பினாள். மாதர் சங்கத்தில் பேசுகிற அதே நிமிர்வு.

"எட்டாயிரம் எடுத்து வெய்யி தம்பி. அவரு சொன்னா அதுதான் வெல. அண்ணா, நீ வாங்கிக்க."

எலிசா வாங்கிக்கொண்டார். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. யஸ்வந்த் இட்லியும் வடையும் வரவழைத்தான், எல்லாரும் சாப்பிட்டார்கள். எலிசா தன் இலையிலிருந்த வடையை எடுத்து மாப்பிள்ளை இலையில் வைத்தார். அது அவர் வழக்கமில்லை. கிளம்பும்போது வேன் வரைக்கும் வந்து, கதவைச் சாத்திவிட்டு, "மெதுவா ஓட்டு" என்று மட்டும் சொன்னார்.

வேன் சந்திரகிரியைத் தாண்டியது. சத்தியநாதனுக்கு உள்ளே ஒரு பாரம் இறங்கி, இன்னொரு பாரம் ஏறியிருந்தது. சொன்ன விலை சரி. அதில் அவருக்குச் சந்தேகமில்லை. மனசு ஒரு வருஷத்துக்குப் பிறகு லேசாகக்கூட இருந்தது. ஆனால் பக்கத்தில் இருக்கிறவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வேலூருக்கு எதுல போனீங்க?" என்றாள் திடீரென்று.

"பஸ்ஸுல."

"தனியாவா?"

"ம்."

"ரிசல்ட் சொல்ற அன்னிக்கி?"

"அன்னிக்கும்தான். வராண்டாவுல பெஞ்சு போட்டிருந்தாங்க. பக்கத்துல ஒரு பெங்கால்காரரு. அவரும் தனியா வந்திருந்தாரு. பாஷை தெரியாது. நான் ஒண்ணும் துன்னாம உக்காந்திருக்கறத பாத்துட்டு பிஸ்கட்ட பாதியா ஒடச்சுக் குடுத்தாரு."

தபிதா அவர் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் நின்றது. கோபத்தில் குரல் ஏறியது. "எவனோ ஒருத்தன் உங்களுக்கு பிஸ்கட்ட ஒடச்சுக் குடுக்கணும். நான் உசுரோட கீறேன் இல்ல? உதயாவ பாத்துக்க அவ மாமியாரு இல்லையா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த பெஞ்சுல நான் உக்காந்திருக்க மாட்டேனா?"

"நீ பயந்துடுவியோன்னு..."

"பயப்படுவேன். அதுக்குத்தானே நான். நீங்க மட்டும் தனியா பயந்துக்கினு, அத துன்னு முழுங்கிட்டு, எனக்கு அபூர்வம்னு கத சொல்லிக்கினு... சிரிச்சவளுங்க கெடக்கறாங்க. அது எனக்குப் பெருசில்ல."

அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இன்னொரு கையை நீட்டினார். தபிதா முதலில் அதைத் தட்டிவிட்டாள். பிறகு இழுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாகாலா பிரிவு வந்தது. டீக்கடையில் நிறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஓட்டுங்க என்றாள். மாந்தோப்புகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவள் மூக்கை உறிஞ்சினாள். மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

"ஏங்க" என்றாள்.

"சொல்லு."

"எங்க நைனா பொட்டிக்கு நீங்க சொன்ன வெல சரி. ஆனா போன வருஷம் நீங்க குடுத்த வெல தப்பு."

"அதான் சொன்னேனே, ஏழாயிரம்தான்..."

"பொட்டிய சொல்லல." அவள் அவர் கையை விடவில்லை. "நாப்பதாயிரம் ரொம்ப கம்மி."